ரத்தம் சொன்ன பொய்

ஒரு மனுஷியை வேலையை விட்டுத் துரத்த எத்தனை வரி வேண்டும்? நாலு வரி போதும் என்று அந்த முதலாளி கண்டுபிடித்திருந்தார்.

'கடையின் அனுமதியின்றி, என் சொந்தப் பொறுப்பில் வாடிக்கையாளருக்குத் தவறான ஆலோசனை வழங்கினேன். அதனால் அவரது உடல்நலம் கெட்டது. இதற்கும் கடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நானே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'

அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் மூடி கழற்றிய பேனா. தாராள மனசுதான்.

"ஆறு மணிக்குக் கடை அடைக்கிறதுக்குள்ள போட்டுடும்மா" என்றார் முதலாளி. மணி அப்போது இரண்டேகால்.

கையெழுத்துப் போட வேண்டியவர் கவுன்டருக்குப் பின்னால் நின்றார். சத்து மாத்திரைகளும் பவுடர்களும் விற்கும் அந்தக் கடையில் பதினாலு வருஷமாக ஆலோசகர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் கேள்வி டீச்சர். சுவரில் தோல் உரித்த ஒரு மனித உடம்பின் படம், ஆள் உயரத்துக்கு. வருகிறவரை அதன் முன்னால் நிறுத்தி, தலையில் ஆரம்பித்துக் கால் வரை கேட்டுக்கொண்டே போவார். தூக்கம் வருதா, நெஞ்சு படபடக்குதா, வயிறு எப்படி, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க. பதில்கள் ஒரு கார்டில் ஏறும். அதற்கப்புறம்தான் அலமாரி திறக்கும். பாதிப் பேர் கேள்விக்குப் பயந்தே குணமாகிவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

எங்களைக் கூப்பிட்டதும் அவர்தான். எங்களை என்றால், என் அண்ணியையும் என்னையும். அண்ணி பன்னிரண்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மருத்துவ க்ளெய்ம்களைச் சரிபார்த்தவர். இடது கால் உடைந்ததாக எழுதிக் கொடுத்தவர் எந்தக் காலை நொண்டுகிறார் என்று போய்ப் பார்ப்பது அவர் வேலை. இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்றவன். ஃபில்டர் போகவில்லை, வாய் மட்டும் வளர்ந்தது. "சும்மா கிடக்கிற வாயை அண்ணிக்காவது வாடகைக்கு விடுடா" என்று அண்ணன் சேர்த்துவிட்டான். வாடகை இன்னும் வரவில்லை.

"என்ன நடந்ததுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

டீச்சர் சொன்னார். பக்கத்துத் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர். இரண்டு மாதம் முன்பு மலச்சிக்கல் என்று வந்தார். நார்ச்சத்துப் பவுடர் கொடுத்தார். போன வாரம் ஏதோ தள்ளுபடியில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதாக ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பவுடரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று வாட்ச்காரரின் மனைவி நாளைக்குப் புகார் கொடுக்கப் போகிறார்.

"புகார் வர்றதுக்குள்ள என்னை வெளிய தள்ளிட்டா, கடை தப்பிச்சிடும்" என்றார் டீச்சர். "வேலை போனாக்கூடப் பரவாயில்லைங்க. இந்தக் காகிதத்தோட போனா வேற எந்தக் கடையிலயும் என்னை ஒரு இருமல் மிட்டாய்கூட விக்க விடமாட்டாங்க. ரெண்டு பொண்ணு படிக்குதுங்க."

குரல் உடையவில்லை. கை மட்டும் கார்டுப் பெட்டியைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு அந்த முதலாளியைப் பிடித்துக் கழுத்தில் அந்தத் தைராய்டு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"தைராய்டுன்னா என்னன்னு தம்பிக்குச் சொல்லுங்க. அவன் புரிஞ்சுக்கிட்டா உலகமே புரிஞ்சுக்கும்" என்றார் அண்ணி.

"கழுத்துல இருக்கிற சுரப்பி. உடம்புக்கு அதுதான் சூப்பர்வைசர். எந்த வேகத்துல ஓடணும்னு சொல்றது அது. அது அதிகமா வேலை செஞ்சா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, எவ்வளவு தின்னாலும் ஆள் இளைச்சுப் போவாங்க."

"கல்யாணம் ஆன மறுவாரம் நான் இருந்த மாதிரி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி வாட்ச்காரரின் முகவரியில் இருக்கிற எல்லாக் கார்டையும் கேட்டார். இரண்டு வந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் மனைவியுடையது: முடி உதிர்வு, நகம் உடைதல். முடி-நகக் கேப்சூல், பயோட்டின் பத்து மில்லிகிராம், மூன்று முறை வாங்கியது.

"அது எதுக்குங்க? அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் டீச்சர், கொஞ்சம் வேகமாக.

"சும்மா" என்று அண்ணி இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். அண்ணி சும்மா என்று சொன்னால் நான் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

*

வாட்ச்காரர் வீட்டு முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள். எல்லாம் மூணு பத்து என்று ஒரே குரலில் சொல்லின. மூலையில் ஆளுயரப் பெட்டிக் கடிகாரம் ஒன்று மட்டும் நாலேகாலில் நின்றிருந்தது.

"இது மட்டும் என்ன, வேலைநிறுத்தமா?" என்றேன்.

"அதுக்கு... பார்ட்ஸ் கிடைக்கலை தம்பி" என்றார் வாட்ச்காரர், தலையை நிமிர்த்தாமலே. தலையில் தொப்பி. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. முழுக்கை ஸ்வெட்டர், அதன் பொத்தான்கள் வயிற்றிடம் சமாதானம் பேசிக்கொண்டிருந்தன. மேலே மின்விசிறி அணைந்திருந்தது. எனக்கோ சட்டை முதுகில் ஒட்டியது.

அவர் மனைவி உள்ளேயிருந்து பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் நங்கென்று வைத்தார். சாட்சிப் பொருளாம். சுற்றிலும் மூணு சுற்று டேப் ஒட்டி வைத்திருந்தார்.

"கடைக்காரங்க அனுப்புன ஆளுங்கதானே நீங்க?"

"கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறார்மா" என்றேன். "நாங்க அந்த ஆலோசகர் பக்கம்."

"அந்தப் பொம்பளைதான் எல்லாத்துக்கும் காரணம். தோண்டித் துருவிக் கேக்கத் தெரியுது, நல்ல பவுடரா பார்த்துக் குடுக்கத் தெரியலையா? நீங்களே பாருங்க." கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து டேப்பின் முனையைக் கிளப்பி, ஒரே இழுப்பில் மூணு சுற்றையும் உரித்தார். நான் என்றால் கத்தரிக்கோல் தேடியிருப்பேன். குனிந்தபோது பின்னல் முன்னால் வந்து விழுந்தது. கப்பல் கட்டலாம் அதில். அவர் அதை அலுப்போடு பின்னால் தூக்கிப் போட்டார்.

அண்ணி டப்பாவைப் பார்க்கவே இல்லை. வாட்ச்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுக்கியால் ஒரு திருகைப் பிடித்து, பெண்கள் கட்டும் ஒரு குட்டிக் கைக்கடிகாரத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். எள்ளை நாலாக வெட்டினால் அதில் ஒரு துண்டு இருக்குமே, அந்த அளவு. திருகு ஒரு துளி ஆடாமல் போய் உட்கார்ந்தது.

"ராத்திரி நல்லாத் தூங்குவாரா?"

"இவரா? இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்."

"இளைச்சிருக்காரா?"

மனைவி புருஷனின் பொத்தான்களைப் பார்த்தார்.

"அண்ணி, ரிப்போர்ட்ல இருக்கிறவர் ஓடுறார்" என்றேன் மெதுவாக. "இங்க இருக்கிறவர் உட்கார்ந்திருக்கார். ரெண்டும் வேற வேற ஆள். லேப்ல ரத்தத்தை மாத்திட்டாங்க. கேஸ் முடிஞ்சது. டீ சொல்லட்டுமா?"

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்" என்றார் மனைவி. "வேற லேப்புக்குப் போய் மறுபடி குடுத்தோம். அதுலயும் அதேதான் வந்துச்சு."

என் டீ ஆறிப்போனது. இரண்டு லேப்பிலும் இவர் ரத்தத்தையே பார்த்து மாற்றும் அளவுக்கு உலகத்தில் யாரும் வேலையில்லாமல் இல்லை. ஆள் திடமாக இருக்கிறார், ரத்தம் ஒப்பாரி வைக்கிறது. எதை நம்புவது?

அண்ணி அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, பெண்கள் பெண்களிடம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டார்.

"உங்க முடி ரொம்ப அழகா இருக்குங்க. அதுக்கு எத்தனை மாசமா கேப்சூல் சாப்பிடறீங்க?"

"கேப்சூலா? நானா? எனக்குத் தலைவலி மாத்திரையே தொண்டையில இறங்காது."

டிங் என்று ஒரு சத்தம். வாட்ச்காரரின் இடுக்கி மேசையில் கிடந்தது. திருகைக் காணவில்லை. அந்தத் திடமான கை வெடவெடவென்று ஆடியது.

"இப்பத்தான்யா தைராய்டு வருது" என்றேன்.

அண்ணி எழுந்து நேராக மூலைக்குப் போனார். "பார்ட்ஸ் கிடைக்கலைன்னு சொன்னீங்க. முப்பது வருஷமா ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஓட வைக்கிறவர், சொந்த வீட்டுக் கடிகாரத்தைப் பிணமா நிறுத்தி வைப்பாரா? அதுக்கு ஒண்ணும் குறையில்லை. வயித்துல ஏதோ அதிகமா இருக்கு."

கீழ்க் கதவைத் திறந்தார். பெண்டுலம் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அது ஆட வேண்டிய இடத்தில் மூன்று பாட்டில்கள். இரண்டு காலி, ஒன்று பாதி. முடி-நகக் கேப்சூல்.

வாட்ச்காரர் தொப்பியைக் கழற்றினார். வாக்குமூலம் மேலேயே இருந்தது. இடது காதோரம் புறப்பட்ட நாலு முடி, நெடும்பயணம் செய்து வலது காதை அடைய முயன்றுகொண்டிருந்தது.

"ஏங்க, இதுக்கு ஏன் திருட்டுத்தனம்?" என்றார் மனைவி. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"உங்க அண்ணனை இருபது வருஷமா மொட்டைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். விசேஷத்துக்கு விசேஷம், எல்லார் முன்னாலயும். எங்க வம்சத்துல முடி கொட்டவே கொட்டாதுன்னு வேற சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நான் எந்த மூஞ்சியோட..." தொப்பியை மேசையில் வைத்தார். "உன் பேர்ல வாங்கினேன்."

அண்ணி பாதி பாட்டிலைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது உங்க உடம்பை ஒண்ணும் பண்ணலைங்க. டெஸ்ட்டைத்தான் குழப்புது. இதுல இருக்கிற பயோட்டின்ங்கிற வைட்டமின் ரத்தத்துல நிறைய இருந்தா, சில தைராய்டு டெஸ்ட் தப்பாக் காட்டும். க்ளெய்ம் பார்க்கிறப்ப ரெண்டு கேஸ் இப்படி வந்திருக்கு. ரெண்டு லேப்லயும் ஒரே வகை டெஸ்ட் பண்ணியிருந்தா, ரெண்டும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். ஆனா முடிவு சொல்ல வேண்டியது நான் இல்லை, உங்க டாக்டர். அவர்கிட்ட இதைச் சொல்லாம நாளைக்கு அந்த மாத்திரையை ஆரம்பிச்சீங்கன்னா, இல்லாத நோய்க்கு நிஜமான வைத்தியம் நடக்கும். ஒழுங்கா ஓடுற சுரப்பிக்கு பிரேக் போடற மாத்திரை அது."

அந்த அம்மாவின் முகத்தில் ஒரே நேரத்தில் மூன்று உணர்ச்சிகள் முட்டி மோதின. புருஷனுக்கு நோயில்லை என்ற நிம்மதி, தன் பெயரில் பொய்க் கார்டு போட்ட கோபம். மூன்றாவதுதான் ஜெயித்தது. அவர் போனை எடுத்தார்.

"புகார் குடுக்கவா?" என்றேன்.

"எங்க அண்ணனுக்கு" என்றார்.

வாட்ச்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், தைராய்டே இருந்திருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

*

நாலே முக்காலுக்குக் கடைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னோம். முதலாளிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

"அப்ப பவுடர் சுத்தம்! கடை மேல தப்பே இல்லை! நான் அப்பவே நினைச்சேன்" என்று நாலு வரிக் கடிதத்தைக் கிழிக்க எடுத்தார். டீச்சர் முகத்தில் உயிர் வந்தது. இந்த இடத்தில் கேஸை முடித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். எந்த நல்ல மனுஷனும் போயிருப்பான்.

"கிழிக்காதீங்க" என்றார் அண்ணி. கைப்பையிலிருந்து இரண்டாவது கார்டை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். "அந்தம்மா இந்தக் கடை வாசலை மிதிச்சதே இல்லை. முடி உதிர்வுன்னு எழுதியிருக்கு. முடி இடுப்புக்குக் கீழ இருக்கு. நகம் உடையுதுன்னு எழுதியிருக்கு. அந்த நகத்தால டின்னே திறக்கலாம். இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

சுவரில் தோலில்லாத ஆசாமி மட்டும் எல்லாவற்றையும் திறந்து காட்டிக்கொண்டு நின்றார்.

"என்னுதுதான்" என்றார் டீச்சர். "பவுடர் வாங்க வந்தவர், 'வீட்ல முடி கொட்டுதாம், என்னமோ கேப்சூல் கேட்டாங்க'ன்னார். கடை நிறையக் கூட்டம். அவரைக் கால்மணி நேரம் கேள்வி கேட்டு முடிச்சிருந்தேன். வேற ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டதுக்கு இல்லைன்னார். அவரை நல்லாத் தெரிஞ்சமாதிரி ஆயிடுச்சு. அவர் வாயால சொன்னதை அந்தம்மா சொன்னமாதிரி எழுதிக் குடுத்துட்டேன். சாப்பிடறவங்க எதிர்ல நின்னிருந்தா, 'ரத்தம் டெஸ்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க'ன்னு சொல்லியிருப்பேன். எப்பவும் சொல்வேன். இல்லாத ஆள்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சாப்பிட்டவர் எதிர்லதான் நின்னார்" என்றார் அண்ணி.

டீச்சர் தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. "மறுபடி ரெண்டு தடவை வந்தார். 'வீட்ல எப்படி இருக்கு'ன்னு கேட்டேன். 'கொஞ்சம் கொஞ்சமா வருது'ன்னார்."

செய்யாத தப்புக்காக இந்த அம்மாவைக் காப்பாற்றப் போய், செய்த தப்பை நாங்களே தோண்டி எடுத்து வைத்திருக்கிறோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

முதலாளி கார்டின் மேல் கையை வைத்தார். "சரி விடுங்க. இது யாருக்கும் தெரியாது. அந்தம்மாவும் புகார் குடுக்கலை. இந்தக் கார்டையும் சேர்த்துக் கிழிச்சிடறேன். நீ வேலையைப் பாரும்மா."

நல்ல வழிதான். ஒரே கிழிப்பில் இரண்டு காகிதமும் போயிருக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். டீச்சர் அவர் கையைத் தள்ளவில்லை. கார்டை மட்டும் அடியிலிருந்து உருவினார்.

"மதியானம் செய்யாத தப்புக்கு என்னை அனுப்பப் பார்த்தீங்க. இப்ப செஞ்ச தப்பை மன்னிக்கிறீங்க" என்றார். "ரெண்டு தடவையும் நீங்க பார்த்தது என்னை இல்லைங்க. புகார் வருமா வராதான்னுதான் பார்த்தீங்க."

பதினாலு வருஷத்தில் அவர் கேள்வியாக இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். முதலாளிக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டது.

டீச்சர் கடை போனை எடுத்து வாட்ச்காரரின் டாக்டரைக் கூப்பிட்டார். என்ன கேப்சூல், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம் எல்லாம் சொன்னார். "சாப்பிடறவரைக் கேக்காம குடுத்தது என் தப்புங்க டாக்டர்" என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு. டீச்சர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். போனை வைத்தார்.

"மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம்னு அவரே கூப்பிட்டுச் சொல்றாராம். கேப்சூலை நிறுத்தச் சொல்லி, அப்புறம் மறுபடி டெஸ்ட் எடுக்கிறாராம்."

அப்பாடா என்று நான் பெருமூச்சு விட்டேன். அண்ணி விடவில்லை. "டீச்சர், இது ஒண்ணுதானா?" என்றார்.

டீச்சர் கார்டுப் பெட்டியை இழுத்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, சிலதை வெளியே எடுத்து வைத்தார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. தங்கைக்கு என்று அண்ணன் வாங்கியது, மாமியாருக்கு என்று மருமகள் வாங்கியது, மகனுக்கு என்று அம்மா வாங்கியது.

"இவங்க பதினொரு பேரையும் நான் பார்த்ததில்லை" என்றார்.

"அம்மா, மணி அஞ்சரை" என்றார் முதலாளி பலவீனமாக. "பதினொரு வீட்டுக்கு நாமளே போன் போட்டு எங்க தப்புன்னு சொன்னா, கடை என்ன ஆகும்?"

"லெட்டரைக் கவுன்டர் மேலயே வைங்க. போன் எல்லாம் பேசி முடிச்சிட்டு வேணும்னா கையெழுத்துப் போடறேன்."

முதல் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம்மா, சத்து மாத்திரைக் கடையிலருந்து பேசறேன். உங்க பையனுக்குன்னு முடிக்கு ஒரு கேப்சூல் வாங்கிட்டுப் போனீங்க. அதை வீட்ல யார் சாப்பிடறாங்க?"

ஒரு தொண்டைச் செருமல். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல, "நான்தாங்க" என்றார் ஒரு பெண்.

"தப்பில்லைம்மா. கேக்காம குடுத்தது என் தப்பு. கிட்டத்துல ரத்தம் டெஸ்ட் ஏதாவது இருக்கா?"

"நாளைக்குக் காலைல குடுக்கப் போறேன். வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க. ஏங்க?"

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். டீச்சர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னார். டெஸ்ட்டுக்கு முன்னால் டாக்டரிடம் கேப்சூலைக் காட்டச் சொன்னார். டாக்டர் தள்ளிப் போடச் சொன்னால் தள்ளிப் போடச் சொன்னார். அந்தப் பெண் "நல்ல வேளை சொன்னீங்க" என்று நாலு முறை சொன்னார். நாலையும் முதலாளி கேட்டார்.

டீச்சர் போனை வைத்தார். முதலாளி எழுந்து, ஒரு சாவிக்கொத்தை எடுத்து டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. ஆறு மணிக்குள்ள முடியாது. முடிச்சிட்டு நீயே பூட்டிட்டுப் போ" என்றார். வாசல் வரை போய், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்குக் காலைல சாவி உங்கிட்டதான் இருக்கும். ஒன்பது மணிக்கே வந்துடு."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது எண்ணை அழுத்தினார்.